சராசரி கேக்

புள்ளியியல் படிக்கிற பையன் கையில் மைக்கைக் கொடுக்கவே கூடாது.

அப்போது நான் எம்.எஸ்ஸி. மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் கேக் போட்டி. கடைசிச் சுற்றில் மூன்று கேக். அதில் ஒன்று பிலோமினா ஆன்ட்டி செய்தது. அவர் மகள் ரீட்டாவைத்தான் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன் (ரீட்டாவுக்குத் தெரியும், ஆன்ட்டிக்குத் தெரியாது). அந்த நேரம் பார்த்து ஃபாதர் என்னை நடுவராக்கிவிட்டார். ஆன்ட்டிக்குப் பரிசு கொடுத்தால் மற்ற இரண்டு வீட்டாரும் விடமாட்டார்கள். கொடுக்காவிட்டால் பெண் கிடைக்காது. பழியைக் கணக்கின் தலையில் போட்டுவிடலாம் என்று தோன்றியது.

வந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கேக் கொடுத்து, மார்க் போடச் சொன்னேன். (இன்னொரு கேக்கையும் ருசி பார்க்க வந்தவர்களைத் துரத்தினேன். அந்த விரோதம் தனி.) பிறகு லேப்டாப்பில் அனோவா போட்டேன். மூன்று சராசரிகளுக்கும் இடையில் நிஜமாகவே வேறுபாடு உண்டா என்று மொத்தமாகச் சொல்லும் சோதனை அது.

"மூணு கேக்கும் ஒண்ணு இல்ல. வித்தியாசம் இருக்கு," என்று அறிவித்தேன். கைதட்டினார்கள்.

"எது பெஸ்ட்டுன்னு சொல்லுப்பா," என்றார் ஃபாதர்.

"அத இது சொல்லாது ஃபாதர். அதுக்கு வேற டெஸ்ட் போடணும்."

ஜோடி ஜோடியாக ஒப்பிடும் அந்தச் சோதனையையும் போட்டேன். முதல் கேக்குக்கும் இரண்டாவதுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் இல்லை. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இல்லை. மறுபடி போட்டேன், அதேதான். (எப்போதாவது இப்படியும் வரும் என்று பிற்பாடு பேராசிரியர் சொன்னார். அன்றைக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.)

"வித்தியாசம் இருக்கு. ஆனா யாருக்கும் யாருக்கும் நடுவுல இல்ல," என்றேன்.

"இன்னாபா சொல்ற, வித்தியாசம் கீதா இல்லியா?" என்றார் பின்வரிசைப் பெரியவர் ஒருவர்.

ஆன்ட்டியையாவது கைக்குள் போட்டுக்கொள்வோம் என்று, "பிலோமினா ஆன்ட்டி கேக்கோட சராசரி..." என்று ஆரம்பித்தேன்.

ஆன்ட்டி எழுந்துவிட்டார். "எங்க மாமியார்கிட்ட கத்துக்கினது தம்பி. அது உனக்கு சராசரியா?"

"ஐயோ இல்ல ஆன்ட்டி, மூணுமே சராசரிதான்."

மற்ற இரண்டு பேரும் எழுந்தார்கள்.

பரிசுக் குக்கரைக் கோயில் சமையலுக்கே வைத்துக்கொண்டார்கள். ரீட்டாவின் பிடிவாதத்தால்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. இன்றும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அத்தையாகிவிட்ட ஆன்ட்டி கேக் தட்டை நீட்டி, "இன்னா மாப்ளே, எப்டி கீது?" என்பார். வீடே சிரிப்பை அடக்கிக்கொண்டு என் வாயைப் பார்க்கும். போன வருடம் உஷாராக, "அன்னிக்குப் போட்டியில செஞ்சதுக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்ல அத்தை," என்றேன்.

"அப்ப இதுவும் சராசரிதான்," என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.