கோவளத்தில் ஓர் அமைதியான வீடு

அமைதி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. இதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே கல்யாண மண்டபம், தலைக்கு மேலே விமானம், பக்கத்து மனையில் பத்து வருடமாகக் கட்டிக்கொண்டே இருக்கும் ஒரு வீடு. சத்தத்தோடு பிறந்து சத்தத்தோடு வளர்ந்தவன் நான். சத்தம் நின்றால்தான் கரண்ட் போய்விட்டதோ என்று எழுந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவன், கனடாவிலிருந்து வரும் அக்காவுக்கும் மச்சானுக்கும் அமைதியான ஒரு காட்டேஜ் பார்த்துத் தரும் வேலையை ஏற்றுக்கொண்டேன். யாரும் கெஞ்சவில்லை. நானேதான் கையைத் தூக்கினேன்.

தேவி அக்கா கனடாவுக்குப் போய்ப் பதினாறு வருடமாகிறது. பாஸ்போர்ட்டும் அந்த ஊருடையதாகிவிட்டதால், கணக்குப்படி இப்போது நாங்கள்தான் அவளுக்கு வெளிநாட்டு உறவினர்கள். மச்சான் கோயம்புத்தூர்க்காரர். கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் கோபப்படுவார். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, அவருக்குச் சத்தம் ஆகாது. காதில் வைத்துக்கொள்ளும் பஞ்சு மாதிரியான சாமானை ஒரு டப்பாவில் போட்டு எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் வந்தபோது எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். முதல் நாள் மண்டபத்தில் ஜானவாசம். இரண்டாம் நாள் முகூர்த்தம். மூன்றாம் நாள் விடியற்காலையில், அடுத்த கல்யாணத்துக்காக ஒருவர் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பித்தார். மச்சான் எழுந்து வந்து, "அத்தை, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க அக்கா வீடு கோயம்புத்தூர்ல கொஞ்சம் அமைதியா இருக்குமுங்க" என்றார். அன்று மத்தியானமே இருவரும் ரயிலேறிவிட்டார்கள். பன்னிரண்டு நாளைக்கென்று அம்மா சுட்டு வைத்திருந்த முறுக்கை நாங்கள் அடுத்த மாதம் வரை தின்றோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததுதான் எங்களை வாட்டி எடுத்தது.

அதனால் இந்த முறை அவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் வீட்டில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். அக்கா போனில் தெளிவாகவே சொன்னாள்.

"டேய் முரளி, இவரு ஒத்துக்கிட்டதே பெரிய விஷயம். பக்கத்துலயே அமைதியா ஒரு காட்டேஜ் பாரு. ராத்திரி அங்க படுத்துக்கறோம், பகல்ல அம்மாகிட்ட வந்துடறேன். பன்னெண்டு நாளும் நான் அம்மாவோட இருக்கணும்டா."

அம்மா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ பாக்கறியா, இல்ல வேற யாரையாவது கேக்கட்டுமா?" என்றாள். (என் முந்தைய சாதனைகள் அப்படி. ஒரு முறை அம்மா சொன்ன கிரைண்டருக்குப் பதிலாகக் கடைக்காரர் சொன்ன கிரைண்டரை வாங்கி வந்தவன் நான்.) எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

போனில் சத்தத்தை அளக்கும் ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டேன். அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு ஆராய்ச்சியில் இறங்கினேன். செம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு வீடு பார்த்தேன். நல்ல வீடுதான், ஆனால் தவளைகள் கச்சேரி வைத்திருந்தன. பல்லாவரத்தில் ஒன்று பார்த்தேன். அது வெள்ளிக்கிழமை என்பதை மறந்துவிட்டேன். சந்தைக் கூட்டத்திலிருந்து வண்டியை வெளியே எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. ஆப் சிவப்பாகி, 'காதைப் பாதுகாக்கவும்' என்று எனக்கே புத்தி சொன்னது.

அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை காலை, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போனேன். போனதுமே மனசு நிறைந்துவிட்டது. கடற்கரையை ஒட்டி ஓட்டுவீடு மாதிரி அழகான காட்டேஜ். பின்பக்கம் இடுப்பளவு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் வெறும் மணல், வரிசையாகப் படகுகள். ஒரு ஆள் இல்லை. கடல்கூட மெதுவாகத்தான் பேசியது. தெருவெல்லாம் சாமந்திப்பூ இதழ்களும் ரோஜா இதழ்களும் இறைந்து கிடந்தன. ஏதோ சாமி ஊர்வலம் போயிருக்கிறது, நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பூப்பாதையைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பவும் செய்தேன். (தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த நாற்பது வயது மனிதன் நான் என்பதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.)

காட்டேஜைப் பார்த்துக்கொள்ளும் தாஸ் அண்ணன் சாவியோடு வந்தார்.

"இன்னா சார், வூடு புடிச்சுதா?"

"எப்பவும் இப்படித்தான் இருக்குமாண்ணா?"

"இன்னிக்கி இப்டி கீது சார். யாரும் தொழிலுக்குப் போவல."

"ரொம்ப நல்லது" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் ஆப்பைப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன். 'நூலகத்தைவிட அமைதி' என்று அது பச்சையில் காட்டியது. அதோடு விட்டேனா? திடமான ஆதாரம் வேண்டுமென்று, வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் அந்த அமைதியைப் பதிவு செய்து அக்காவுக்கு அனுப்பினேன்.

"ஒண்ணுமே கேக்கலையேடா" என்று பதில் வந்தது.

"அதான்க்கா" என்று அனுப்பினேன்.

மச்சான் கண்ணை மூடிக்கொண்டு அதை முழுதாகக் கேட்டாராம். "முரளி பொறுப்பா மாறிட்டாருங்க" என்றாராம். அந்த வாக்கியத்தை அம்மாவிடம் மூன்று முறை சொன்னேன். அன்றே காட்டேஜைப் பன்னிரண்டு நாளுக்குப் பேசி முடித்துவிட்டேன்.

அவர்கள் வந்திறங்கிய அன்று பகல் முழுவதும் செம்பாக்கத்தில் சாப்பாடு, பேச்சு. அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை இருக்கும் கூடத்துக்குள் வராமல் சமையலறை வாசலிலேயே நின்று, "இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லு" என்று அக்கா வழியாகவே உபசரித்தாள். சாயங்காலம் கோவளம் போனோம். முதல் நாள் துணைக்கு நானும் முன்னறையில் படுத்துக்கொண்டேன். மச்சான் வராந்தாவில் நின்று மூச்சை இழுத்துவிட்டு, "சொர்க்கமுங்க" என்றார். எனக்குக் கண் கலங்கியது.

விடிவதற்கு முன்னால் யாரோ என் தோளைத் தட்டினார்கள். மச்சான்.

"முரளி, எந்திரிங்க. இது என்ன சத்தமுங்க?"

"எந்தச் சத்தம் மச்சான்?"

உண்மையாகவே கேட்டேன். அதுதான் கேவலம். நான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் காதைத் திறந்தேன். படகுகளை டிராக்டர் கட்டி மணலில் இழுக்கிறார்கள். ஐஸ் கட்டியை உடைக்கிறார்கள். மீன் வியாபாரிகளின் மோட்டார் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெண் குரல், சங்கராவையும் நெத்திலியையும் ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. மைக் இல்லை. அந்தக் குரலுக்கு மைக் வைத்தால் மைக்தான் கெட்டுப்போகும். ஏலம் நடக்கும் இடம் எங்கள் பின்மதிலுக்கு அந்தப் பக்கம், மச்சானின் தலையணையிலிருந்து பத்தடி.

தாஸ் அண்ணனைத் தேடிப் பிடித்தேன்.

"அண்ணா, அன்னைக்கு நான் வந்தப்ப ஒரு சத்தமும் இல்லையே?"

"சார், அன்னிக்கி எப்டி இருக்கும்? முந்தின நாளுதான் எங்க பெரியவரு ஒருத்தர எடுத்தோம். கடலுக்குப் போறதுல இங்க அவரு பெரிய ஆளு. ஒரு சாவு வுழுந்தா ஊரே தொழிலுக்குப் போவாது, ஏலமும் கெடையாது. நான்தான் சொன்னேனே. நீங்க ரொம்ப நல்லதுன்னுட்டீங்க."

நல்ல சகுனம் என்று நான் படம் எடுத்தது சவ ஊர்வலப் பூ. வராந்தாவில் உட்கார்ந்து நான் பதிவு செய்தது ஒரு ஊரின் துக்கத்தை. அதைக் கனடாவுக்கு வேறு அனுப்பியிருக்கிறேன். ஒரு நாள் முன்னால் போயிருந்தாலாவது மேளமும் வெடியும் கேட்டுத் தப்பித்திருப்பேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார், தெரியாம சொன்னது" என்று அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தது இன்னும் உறுத்துகிறது.

உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னேன். மச்சான் நிதானமாகப் பெட்டியை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தார்.

"தேவி, கோயம்புத்தூர் போயிடலாமுங்க."

அக்கா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நீங்க போங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். ஆறு வருஷம் கழிச்சு வந்திருக்கேன்." குரலை உயர்த்தவில்லை. மச்சான் அவளையே பார்த்தார். அதற்கு முன்னால் அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

கோயம்புத்தூருக்கு மூன்று நாள் கழித்துத்தான் டிக்கெட் கிடைத்தது. அதுவரைக்கும் செம்பாக்கம் வரமாட்டேன் என்று மச்சான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஏலம் தினமும் இரண்டு மணி நேரம்தான், மண்டபம் நாள் முழுக்க என்பது அவர் வாதம். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்றதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடியும் ஒன்றும் சொல்லவில்லை. அடுக்குக் கேரியரை எடுத்து வைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து, ஐந்தடுக்குக் கேரியரை ஸ்கூட்டர் முன்னால் வைத்துக்கொண்டு செம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் அலைந்தேன். வண்டலூர் தாண்டும்போது ரசம் என் காலணிக்குள் இறங்கிவிடும். மச்சான் கேரியரை வாங்கிக்கொள்வார், "சொல்லுங்க முரளி" என்பார், நான் வண்டியைத் திருப்புவேன். இரண்டாம் நாள் கேரியரைத் திருப்பித் தந்தபோது உள்ளே பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. கோபம் உச்சத்தில் இருக்கிறது என்று நினைத்தேன்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக விடியற்காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு போனேன். காட்டேஜ் பூட்டியிருந்தது. வழக்கத்தைவிடப் பெரிய சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம். எட்டிப் பார்த்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்தபடி, ஏலம் விடும் பாக்கியம் அக்காவோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கரையிலேயே உரத்த குரல் அவருடையதுதான்.

"அதெப்படிங்க நேத்தவிட சின்ன மீனுக்கு அதே வெலைங்க?"

"யோவ் கனடா, மீனு சின்னதுன்னா வேற எடம் பாரு. பேஜார் பண்ணாத."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க முரளி, டீ சாப்பிடலாமுங்க" என்று கூப்பிட்டார்.

டீக்கடையில் அவரே சொன்னார். கனடா நேரம் உடம்பைவிட்டுப் போகவில்லை. விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. வேறெங்கே என்றாலும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். இங்கே அந்த நேரத்துக்கு ஊரே விழித்திருக்கிறது. முதல் நாள் திட்டப் போனவர், இரண்டாம் நாள் வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார். மூன்றாம் நாள் கூடை தூக்கியிருக்கிறார். பாக்கியம் அக்கா வீட்டு மீன் குழம்பைச் சாப்பிட்டதால்தான் அம்மாவின் கேரியர் பாதி திரும்பியிருக்கிறது. (இதை இன்றுவரை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.)

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுங்க. ஆபீஸ்ல எல்லாரும் மெதுவா பேசுவாங்க, வீட்ல நாங்க ரெண்டே பேரு. இப்படிச் சத்தம் போட்டுப் பேசி எத்தனை வருஷமாச்சுங்க" என்றார்.

நல்ல செய்தியோடு வீட்டுக்கு ஓடினேன். கூடத்தில் அக்கா அம்மாவின் பழைய நைட்டியில், தலை நிறைய எண்ணெயோடு, வெறும் தரையில் படுத்திருந்தாள். சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து, அம்மா அவளுக்கு உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் நைட்டிதான், தரையில்தான், காலை நீட்டித்தான். மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் இதில் ஒன்றுகூட நடந்திருக்காது. புதுப்புடவையும் தாழ்ந்த குரலுமாகவே பன்னிரண்டு நாளும் கழிந்திருக்கும். மண்டபத்தில் மைக் டெஸ்டிங் நடந்துகொண்டிருந்தது. அதையும் மீறி இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான் ஊருக்குப் போகல. கோவளத்துலயே இருக்காராம்" என்றேன்.

அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. "கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

அடுத்த உருண்டையை அம்மா எனக்குக் கொடுத்தாள்.

இப்போது எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தாலும், "என்னப்பா, கோவளம் போட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். பெண்களைப் பெற்ற அத்தைகள் எல்லாம் தாஸ் அண்ணனின் நம்பரை என்னிடம் வாங்கி வைத்திருக்கிறார்கள். போன மாதம் அக்கா மறுபடி வருவதாகப் போன் பண்ணினாள். அம்மா பேசி முடித்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் என்னிடம் வந்தாள்.

"கோவளத்துல அந்த வீடு காலியா இருக்கான்னு கேளு."

"ரெண்டு பேருக்குமாம்மா?"

"மாப்பிள்ளைக்கு மட்டும். பாவம், அவருக்குத்தான் சத்தம் ஆகாதே."