யாரும் பிரிக்காத கடிதம்

தும்பை நாட்டு மன்னருக்கு இரண்டு காதுகள்தான் இருந்தன. குடிமக்களோ நாற்பதாயிரம் பேர். இந்தக் குறையைத் தீர்க்க, காதுமந்திரி என்றொரு பதவி உருவாக்கப்பட்டது.

அந்நாட்டில் கடிதங்களைப் புறாக்கள் சுமந்தன. அவற்றை மேட்டுச் சந்தையில் வளர்த்தவள் பூவாத்தாள். தினமும் காலையில் கூண்டுகளைத் திறந்ததும், "உங்க கடுதாசி எதையும் யாரும் பிரிக்கலை" என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி சொல்வாள். அதை நம்பித்தான் மக்கள் எழுதினார்கள்.

ஒரு நாள் காதுமந்திரி அவளிடம் வந்து, மடித்த ஆணையை விரிக்காமலே காட்டினார். யாருடைய கடிதம் தேவை என்பது ரகசியமாம். ஆகவே எல்லாருடைய கடிதமும் முதலில் அரண்மனைக்கு வர வேண்டுமாம்.

"ஆணையில என்னங்க எழுதியிருக்கு?"

"அப்படியோர் ஆணையே கிடையாது. இல்லாத ஆணையைப் பற்றி வெளியே பேசினால், உன் முந்நூறு புறாக்களும் அரண்மனைச் சமையலறைக்குப் போகும்."

ஒவ்வொரு புறாவுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள். மறுநாள் கூண்டுகளைத் திறந்துவிட்டுப் பேசாமல் நின்றாள்.

"தொண்டை கட்டிக்கிச்சா பூவு?" என்றாள் கீரைக்காரி மாரக்காள்.

பூவாத்தாள் புறாக்களுக்குக் கம்பு தூவினாள். மாரக்காள் அனுப்பக் கொடுத்திருந்த தன் கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டாள்.

மௌனமும் ஒருவகைப் பேச்சு என்று மந்திரி கண்டுபிடித்தார். பழைய வாக்கியத்தைத் தினமும் சொல்லியே ஆக வேண்டும் என்று உத்தரவாயிற்று. பூவாத்தாள் சொன்னாள், இருபுறமும் ஈட்டி வீரர்கள் நிற்க. அதுவரை புரியாதிருந்த ஓரிருவருக்கும் புரிந்துவிட்டது.

அரண்மனை ஏரியின் கரையில் விரிசல் இருப்பதாகத் தங்கைக்கு எழுதிய ஒருவர், வதந்தி பரப்பியதற்காகச் சிறைக்குப் போனார். அதன்பின் நாடெங்கும் ஒரே கடிதம்தான் பறந்தது: "நலம். நலமறிய ஆவல்."

துயரமே ஒழிந்துவிட்டதாக மந்திரி அறிவித்தார். மன்னர் விழா எடுத்தார். விழாவின் மூன்றாம் நாள் ஏரி உடைந்தது.

எழுதாததையெல்லாம் நேரில் பேசிக்கொண்ட மக்கள், சிறைக் காவலரும் கைதிகளும் உட்பட, முன்பே மேட்டுக்கு ஏறியிருந்தார்கள். கடிதங்களை மட்டுமே கேட்டுவந்த அரண்மனை கீழே இருந்தது.

மொட்டைமாடியில், கணுக்கால் நீரில் நின்றபடி, படகு கேட்டு மைத்துனருக்கு எழுத மன்னர் எழுதுகோலை எடுத்தார். காதுமந்திரி பக்கத்தில் வந்து நின்றார்.

"சட்டப்படி நான் முதலில் படிக்க வேண்டும், அரசே."

மன்னர் எழுதுகோலை மையில் தோய்த்தார். பிறகு எழுதினார்: "நலம். நலமறிய ஆவல்."

புறா மேட்டுக்கு வந்தது. ஈட்டி வீரர்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். பூவாத்தாள் அரசமுத்திரையைத் தொடாமல் கடிதத்தை வேறொரு புறாவின் காலில் கட்டி, மைத்துனரின் திசையில் பறக்கவிட்டாள். பிறகு, யாரும் சொல்லச் சொல்லாமலே, சந்தை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"உங்க கடுதாசி எதையும் யாரும் பிரிக்கலை."