முன்ரூம் பேரம்

சாத்தூரில் மாரிக்கண்ணனுக்கு வாயால் பிழைக்கிறவன் என்று பேர். ஏசிச் சொல்வதில்லை, நிஜமாகவே அதுதான் அவன் பிழைப்பு. சிவகாசி காலண்டருக்குக் கடை கடையாக ஏறி ஆர்டர் பிடிப்பான். தை பிறந்தால் சீசன் முடிந்துவிடும், வாய் மட்டும் ஓயாது. சும்மா கிடக்கிற வாய்க்கு ஒரு வேலை கொடுப்போமே என்றுதான் இந்த வருஷம் ரியல் எஸ்டேட் புரோக்கராவது என்று முடிவெடுத்தான். அதுவும் டீக்கடை பெஞ்சுப் புரோக்கர் இல்லை. சர்க்காரில் பதிவு பண்ணி, நம்பர் வாங்கி, போர்டு மாட்டி உட்காருகிற புரோக்கர்!

இருக்கன்குடி ரோட்டில் பிளாட் போடுகிற சங்கரபாண்டியன், அதை விற்றுக் கொடுக்க இவனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆனால் கறாரான ஆள். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதிவுக்கு எழுதிப் போட்ட ரசீதைக் காட்டு. நம்பர் வர்ற வரைக்கும் ஒனக்கு எடம் வச்சிருக்கேன். இல்லேன்னா வேற ஆளு ரெடியா நிக்கான்" என்று சொல்லிவிட்டார்.

ஆதார் இருந்தது, பான் கார்டு இருந்தது, போட்டோகூடத் தலை சீவி எடுத்தாச்சு. ஆபீசுக்கு ஒரு முகவரிதான் இல்லை. வீட்டு முன்ரூமைக் காட்டலாம். ஆனால் வீடு பெண்டாட்டி பொன்மணி பேரில் இருந்தது, அவள் அப்பா கட்டி எழுதிக்கொடுத்த வீடு. ரூமை வாடகைக்கு விட்டதாக அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். மாரிக்கண்ணன் ஒப்பந்தம் அடித்துக்கொண்டு வந்தான். வாடகை என்ற இடத்தை மட்டும் நைசாகக் காலியாக விட்டிருந்தான்.

நேரமும் பார்த்து வைத்திருந்தான். பொன்மணி தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போகிறவள். வேன் வருகிற அவசரத்தில் நீட்டினால் யோசிக்காமல் போட்டுவிடுவாள். கூடவே ஒரு தொழில் ரகசியமும் தெரிந்துவைத்திருந்தான்: இடத்தைக் கேட்கிறவன் குறைதான் சொல்லணும், மறந்தும் புகழக் கூடாது.

பொன்மணி தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"ஏ பொன்மணி, இந்த முன்ரூம் சும்மாதான கெடக்கு? ஒழுகுது வேற."

"ஆமா, ஒழுகுது."

"காத்தும் வராது."

"வராதுதான்."

"ரோட்டுத் தூசி பூரா உள்ளதான்."

"பூரா உள்ளதான்."

அடடா, என்னமாய்ப் படிகிறாள்! தாளை நீட்டினான். "ஒண்ணுக்கும் ஒதவாத ரூமு. நானாச்சும் ஆபீஸ் வச்சுக்கிடுறேன். இதுல ஒரு கையெழுத்து."

பொன்மணி தாளை ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். கொண்டையை முடிந்துகொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாங்க. ஒழுகுற ரூம்ல நீங்க ஆபீஸ் வச்சு, நாலு பெரிய மனுசங்க வந்து நனைஞ்சா யாரைப் பேசுவாக? கட்டுன எங்கப்பாவைத்தான பேசுவாக. நான் போட மாட்டேன்."

தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது.

"அம்புட்டு ஒண்ணும் ஒழுகாதுல்லா!"

"நீங்கதான சொன்னீக?"

"அது போன அடைமழைக்கு, ஒரு ஓரமா. மாமா கட்டுன கட்டடம் லேசுப்பட்டதா?"

"காத்து?"

"ஜன்னலைத் தொறந்தா ஆளையே தூக்கும்!"

"தூசி?"

"மெயின் ரோட்டுல தூசி வரத்தான செய்யும்? பஸ் ஸ்டாண்டு இங்கன, மார்க்கெட்டு அங்கன! இப்படி ஒரு ரூமு சாத்தூரைச் சல்லடை போட்டுச் சலிச்சாலும் கெடைக்காது!"

சொல்லச் சொல்ல அவனுக்கே அந்த ரூம்மேல் ஆசை வந்துவிட்டது.

"இம்புட்டு நல்ல ரூமை யாராச்சும் சும்மா விடுவாகளா?" என்றாள் பொன்மணி. "வாடகை காலியா இருக்கே, என்ன தருவீக?"

"புருசன்கிட்டயா வாடகை கேக்க?"

"பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

வேன் வாசலுக்கே வந்து நின்றது. ஜன்னல் வழியே பொம்பளைகள் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏங்கிட்ட ஏது காசு?"

"காசை யார் கேட்டா? தெனமும் காலையில நீங்க சோறு பொங்கி, எனக்குத் தூக்குவாளி கட்டித் தரணும். அதான் வாடகை. ஞாயித்துக்கெழமை லீவு."

வேனுக்குள் ஒரே கைதட்டல். மாரிக்கண்ணனுக்குச் சங்கரபாண்டியன் முகம் கண் முன்னால் வந்தது. "சரி" என்றான். காலி இடத்தில் 'வாடகை, இருவரும் பேசிக்கொண்டபடி' என்று அவளே எழுதி, கையெழுத்தும் போட்டாள்.

அவனுக்குக் கோபமே வரவில்லை. எத்தனை முதலாளிமாரிடம் பேரம் பேசியிருக்கிறான்! அவன் வாயாலேயே அவனுக்கு விலையை ஏற்றிவிட ஒருத்தருக்கும் சாமர்த்தியம் இருந்ததில்லை. அடி ஆத்தி, என்ன மூளை இவளுக்கு என்று மனசார மெச்சினான். மெச்சியதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"ஏ பொன்மணி, நீதாம்ளா அசல் புரோக்கரு!" என்று வேன் வரைக்கும் போய்ச் சொன்னான்.

படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"மறந்தே போனேன் பாருங்க. ரூம் பிடிச்சுக் கொடுத்த புரோக்கருக்கு ஒரு மாச வாடகை கமிஷன் உண்டுல்ல? அப்ப இந்த மாசம் பூரா ராத்திரிச் சோறும் நீங்கதான்!"

வேன் கிளம்பியது. மாரிக்கண்ணன் ஒப்பந்தத்தை இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

"ஏ பொன்மணி! உப்பு எந்த டப்பால இருக்கு?"