முப்பத்தாறு பாட்டில்களும் உங்கள் சிமெண்டும்

அன்பும் மரியாதையும் கலந்த மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அக்கா நலம். நான் நலமா என்பதைக் கடிதத்தைப் படித்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அங்கு தாங்களும், தங்கள் மனைவியும், குழந்தைகளும், கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நான் எழுதுவதைக் கடைசி வரி வரைக்கும் படித்தவர் நம் குடும்பத்தில் இதுவரை யாரும் இல்லை. ஆகையால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தேதி காலை உங்கள் கொத்தனாரை அனுப்பிவிடுங்கள். கொல்லையில் என் தோட்டம் இருக்கும் இடம் முழுவதும் சிமெண்ட் போட்டுவிடலாம். உங்கள் அக்காவிடம் நான் ஒரு பந்தயத்தில் தோற்றுவிட்டேன். எப்படித் தோற்றேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். முப்பத்தோரு வருடம் நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டவனுக்கு வேறு விதமாக எழுத வராது.

ஆரம்பம் நீங்கள் கொடுத்த தக்காளி விதைப் பொட்டலம். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், ஆனால் குறைதான் சொல்கிறேன். பொட்டலத்தின் பின்பக்கம் நூற்றுக்கு அறுபது முளைக்கும் என்று அச்சடித்திருந்தார்கள். எனக்கு வேண்டியது பன்னிரண்டு செடி. அச்சடித்தவர்கள் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்று கொஞ்சம் தள்ளினேன். விதைக்கப்போவது நான் என்பதற்காக இன்னும் கொஞ்சம் தள்ளினேன். நான் தொட்டது பாதிக்கு மேல் தேறியதாகச் சரித்திரம் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். எனக்குப் பெண் கொடுக்கும்போதே உங்கள் அப்பா அதைச் சொல்லித்தான் கொடுத்தார். இப்படித் தள்ளித் தள்ளி நாற்பது விதை போட்டேன். நாற்பதும் முளைத்தன. கடைசி விதை மட்டும் இரண்டு நாள் தாமதமாக, மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு வந்தது. பக்கத்துவீட்டுத் தையல்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், நெருக்கமா இருக்கு, பாதியப் பிடுங்கிப் போடுங்க, இல்லன்னா அவஸ்தப்படுவீங்க" என்றார். நூலகத்தில் பக்கம் கிழிந்த ஒரு புத்தகத்தை நீக்குவதற்கே மூன்று பேர் கையெழுத்து வேண்டும். இங்கே நான் ஒருவனே நின்றுகொண்டு எதை நீக்குவது? ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் வளர்ந்துகொண்டிருந்தன. எண் எழுதிய குச்சி ஒன்றை ஒவ்வொன்றின் பக்கத்திலும் நட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

கோடை முடியும் தறுவாயில், ஒரே வாரத்தில், ஒன்றோடொன்று பேசிவைத்துக்கொண்டதுபோல நாற்பது செடியும் பழுத்தன. முதல் நாள் ஒரு கூடை. உங்கள் அக்கா முகம் மலர்ந்தது. இரண்டாம் நாள் மூன்று கூடை. முகம் பழையபடி ஆனது. நான்காம் நாள் சாப்பாட்டு மேசை, ஜன்னல் விளிம்பு, கட்டிலுக்கடியில் விரித்த செய்தித்தாள், என் அகராதிகள் இருக்கும் அலமாரியின் மேல்தட்டு எல்லாம் நிரம்பி, குளியலறை வாளிகளிலும் தக்காளி வந்து உட்கார்ந்தது. "இந்த வீட்டுல நான் குளிக்கணும்னா தக்காளிகிட்ட அனுமதி வாங்கணுமா?" என்று உங்கள் அக்கா துண்டோடு வெளியே நின்று கேட்டாள். பழுத்தது எது, பழுக்கப்போவது எது என்று நான் பிரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். அது சமயத்துக்குப் பொருந்தாத பதில் என்பது சொன்ன பிறகு தெரிந்தது.

அன்றைக்குத்தான் பந்தயம் போட்டாள். கொல்லையிலிருந்து நான் உள்ளே கொண்டுவரும் சேற்றை ஆறு மாதமாகத் துடைத்த கோபம் அதில் இருந்தது. "கேளுங்க. ஒரு பழம்கூட அழுகக் கூடாது. பாட்டில்ல போடுங்க, என்ன வேணா பண்ணுங்க. என்கிட்ட முப்பத்தாறு கண்ணாடி பாட்டில் இருக்கு, தரேன். ஆனா பதினஞ்சாம் தேதி ராத்திரி முப்பத்தாறும் காலியா, என் அலமாரில இருக்கணும். உங்க தக்காளி ஒரு சொட்டுகூட என் கண்ணுல படக் கூடாது. பட்டுச்சு, என் தம்பிகிட்ட சொல்லி சிமெண்ட்தான்." நான் சரி என்றேன். உங்கள் அக்காவிடம் சரி என்று சொல்வது எனக்கு மூச்சு விடுவது மாதிரி, யோசித்துச் செய்வதில்லை.

பதப்படுத்துவது பற்றி ஒரு புத்தகம் வாங்கிப் படித்து, குறிப்பெடுத்து, அதன்படியே செய்தேன். பழத்தைக் கொதிநீரில் போட்டுத் தோலுரித்து, மசித்து, உப்பும் கொஞ்சம் வினிகரும் சேர்த்து, அளவு பாதியாகும்வரை காய்ச்ச வேண்டும் என்று போட்டிருந்தது. பாதி என்றால் பாதி. நான் மர அளவுகோலைச் சட்டிக்குள் நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கொரு தடவை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தேன். ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் சட்டி எரிமலையாகி ஒரு குமிழி மேல்கூரை வரை போய் ஒட்டிக்கொண்டது. ஏணி போட்டுத் துடைக்கப் போனேன். அதற்குள் அடிப்பிடித்துவிட்டது. ஏணியிலிருந்து அவசரமாக இறங்கிய கால், காயவைத்திருந்த மூடிகளின்மேல் பட்டது. "ரெண்டு கையால செய்யற வேலைய ஏன் நாலு கால்ல செய்யறீங்க?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. இப்படியே ஆறு நாள். ஏழாம் நாள் முப்பத்தாறு பாட்டில்கள், கழுத்தில் துணி கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு, எண் ஒட்டி வரிசையாக நின்றன. சுவை எப்படி என்று கேட்காதீர்கள். அடிப்பிடித்தது எந்தச் சட்டி, எந்த எண் என்பதற்குக் குறிப்பு இருக்கிறது. உங்கள் அக்காவிடம் ஒரு கரண்டி நீட்டினேன். "நான் தொட மாட்டேன்" என்றாள்.

காலி செய்யும் வழி எனக்கே தோன்றியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தெருவில் பதினொரு வீடு, வீட்டுக்கு மூன்று. மீதி மூன்றை உங்கள் அக்கா, "இங்கயே கெடக்கட்டும், போங்க" என்று வாங்கித் தன் அலமாரியில் பின்னால் தள்ளிவிட்டாள். சாமான் அடுக்கிய அந்த அலமாரியை நான் திறக்கக் கூடாது என்பது கல்யாணமான வருடத்திலிருந்து சட்டம். சரி, கொடுப்பது எளிது. ஆனால் பாட்டில்கள் திரும்பி வர வேண்டுமே! "சாப்பிட்டதும் பாட்டிலைக் கொடுத்துவிடுங்கள்" என்று பதினொரு வாசலில் நின்று வாய்விட்டுக் கேட்க என்னால் ஆகாது. ஒரு வாசலில் நின்று கேட்பதற்கே முந்தின நாள் ஒத்திகை பார்க்கிறவன் நான். ஓய்வுபெற்ற அன்று நூலகத்தில் பழைய இரவல் சீட்டுகள் ஒரு கட்டு கொடுத்தார்கள். கழித்துப் போடப்பட்டவைதான், அனுமதிக் கடிதம் கோப்பில் இருக்கிறது. அந்தச் சீட்டுகளை, உங்கள் அக்காவுடைய மூன்று உட்பட, பாட்டிலுக்கு ஒன்று வீதம் ஒட்டி, திருப்பித் தர வேண்டிய நாளாகப் பதினான்காம் தேதியை முத்திரை குத்திக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். எங்கள் அலமாரிகள் வெறிச்சோடின. "பரவால்லையே" என்றாள் உங்கள் அக்கா. அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று கணக்குப் பார்க்கவில்லை. பார்த்தால் வருத்தம்தான் வரும். இரண்டு வாரம் நிம்மதியாகச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். பிறர் எழுதியதையே ஆயுள் முழுக்க அடுக்கி வைத்தேன், மைத்துனரே. நானாக ஏதாவது ஒன்றை இந்த உலகத்தில் புதிதாக உண்டாக்கினேன் என்றால் அது அந்தத் தக்காளிதான்.

பதினான்காம் தேதி மாலை நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது. நூலகம் மூடும் நேரத்தில் நிற்பதுபோல வரிசை. முதலில் தையல்காரர், கட்டைவிரலில் கட்டோடு. "எண்ணிக்கங்க சார். மூணும் இருக்கு, கொறையல" என்று தரையைப் பார்த்துக்கொண்டே நீட்டினார். மூன்று பாட்டிலும் கழுத்துவரை நிறைந்திருந்தன! அடுத்தவர் கணக்கு டீச்சர். எந்தப் பிள்ளைக்கும் பயப்படாத அந்த அம்மா, "தெறந்து எல்லாம் பாக்க மாட்டீங்களே சார்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். கடைசியாக, ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர், தெருவில் 'பச்சைக்கொடி' என்று பெயர். நூலகம் மூடும் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "நேரத்துக்கு வந்துட்டேன்ல? அபராதம் ஒண்ணும் கெடையாதுல்ல?" அவருடைய பாட்டில்களும் நிறைந்தே இருந்தன. இப்படிப் பதினொரு வீடும். ஒரு வீட்டார்கூட ஒரு வாய் சாப்பிடவில்லை. அக்கம்பக்கத்தில் கெட்ட பெயர் வேண்டாம் என்று சிரித்து வாங்கி, இரண்டு வாரம் தொடாமல் வைத்திருந்து, முகம் பார்க்க முடியாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

வந்தவற்றைப் பதிவு செய்தேன். சில பாட்டிலில் நான் போட்ட இரட்டை முடிச்சுக்குப் பதில் ஒற்றை முடிச்சு இருந்தது. நான்தான் களைப்பில் அப்படிப் போட்டிருப்பேன். எடை போட்டேன், ஒவ்வொன்றும் முப்பது நாற்பது கிராம் கூடுதலாகக் காட்டியது. தராசு பழசு. பச்சைக்கொடியின் பாட்டிலில் நிறம்கூடக் கொஞ்சம் மாறித் தெரிந்தது. போன வாரம்தான் கண் டாக்டரிடம் போக வேண்டும் என்று நினைத்தேன். நேற்று, பதினைந்தாம் தேதி, உங்கள் அக்கா மேசைமேல் நின்ற முப்பத்து மூன்றையும் ஒரு பார்வை பார்த்தாள். அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே கொத்தனார். நீளம் பதினெட்டு அடி, அகலம் பதினொன்றரை. சுவரோரமாக ஒரு சாண் அகலம் மட்டும் மண்ணாக விட முடியுமா என்று... வேண்டாம், நான் கேட்கவில்லை. பந்தயம் பந்தயம்தான். குச்சிகளை நானே பிடுங்கி வைத்துவிடுகிறேன். இனி எனக்கு எந்த விதைப் பொட்டலமும் அனுப்ப வேண்டாம்.

தங்கள் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, தொட்டதெல்லாம் துலங்கி, என்னைப்போல அல்லாமல் உங்களைப்போல வளர ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: கொத்தனாரை அனுப்ப வேண்டாம்.

உறை ஒட்டப் போகும்போது உங்கள் அக்கா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். பாட்டில்களையாவது மீட்கலாம் என்று ஒன்றைத் திறந்திருக்கிறாள். "என்னங்க, உங்க தக்காளிச் செடியில ஆரஞ்சு எப்போ காய்ச்சுது?" எட்டிப் பார்த்தேன். ஆரஞ்சுத் தோல் ஜாம். அது தையல்காரர் பாட்டில். டீச்சர் பாட்டிலில் தக்காளிதான். உங்கள் அக்கா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "இது நீங்க பண்ணதில்ல. நல்லா இருக்கு." பச்சைக்கொடியின் மூன்றிலும் இருந்தது கடையில் வாங்கி ஊற்றிய சாஸ். முப்பத்து மூன்றையும் திறந்தோம். என்னுடையது ஒரு சொட்டு இல்லை. உங்கள் அக்கா நேரே பக்கத்துவீட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னால் நின்றேன். "நாலு நாள்ல தீத்துட்டோம்க்கா" என்றார் தையல்காரர். "அப்புறம்தான் சீட்ட முழுசாப் படிச்சோம். வாங்குனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே குடுக்கணும், கொறஞ்சா ஈடு குடுக்கணும்னு போட்டிருக்கே! தெருவே ஒரு வாரமா அடுப்படிலதான் கெடக்கு. பாருங்க, வெரல் பொசுங்கிருச்சு. சார் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாருல்ல?" சீட்டின் அடியில் பொடி எழுத்தில் அந்த விதி இருக்கிறது. ஒரு காலத்தில் அதை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

"உங்க தக்காளி ஒரு சொட்டுகூட என் கண்ணுல படல. தோட்டம் இருக்கட்டும்" என்று திரும்பி வரும்போது உங்கள் அக்கா தீர்ப்புச் சொன்னாள். பாட்டில்கள் காலியாக இல்லையே என்று நான் நினைவுபடுத்தினேன். "வாய மூடிட்டு வாங்க" என்றாள்.

வந்ததும் ஜாமை வைக்க இடம் வேண்டும் என்று அலமாரியைத் திறந்தாள். அவசரத்தில் நான் பக்கத்தில் இருப்பதை மறந்துவிட்டாள். பின்வரிசையில், தொட மாட்டேன் என்று தள்ளிவைத்த என்னுடைய மூன்று பாட்டில்களும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சீட்டுகள் அப்படியே இருந்தன. தவணை கடந்து இரண்டு நாள் ஆகிறது. அபராதம் கேட்கும் தைரியம் எனக்கில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். விதைப் பொட்டலம் இரண்டாக அனுப்பவும்.