துப்பாக்கியைக் குறை சொன்ன ராஜா

குறி தப்பியதும் தன் கையைப் பார்க்காமல் துப்பாக்கியை முறைத்துப் பார்க்கிற ஓர் இனம் உண்டு. சாக்குச் சூரர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கண்டுபிடிப்பது சுலபம். சுடுகளத்தில் 'டப்' என்று சத்தம் கேட்கும், ஒரு நொடி அமைதி, பிறகு 'ச்சே, இந்த விசை!' என்று ஒரு குரல் வரும். அவர்தான்.

ஜெர்மனியில் எங்கள் சவர்லாந்து மலைப்பக்கம் ஊருக்கு ஒரு துப்பாக்கிச் சங்கம். சங்கத்துக்குக் குறைந்தது ஒரு சூரர். ஹோல்ட்ஹாகன் சங்கத்துக்கு வாய்த்தவர் லோதார் ஷூல்ட்டே, குளியலறை ஓடுகள் விற்கிறவர். கடையில் மகா சாது. கையில் துப்பாக்கி வந்தால் பேராசிரியர்.

மற்றவர்கள் எப்படித் துப்பாக்கி வாங்குகிறார்கள்? கடைக்குப் போவார்கள், தோளில் வைத்துப் பார்ப்பார்கள், கன்னம் கட்டையில் சரியாகப் படிகிறதா, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்ப்பார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். லோதார் அப்படியா? மூன்று மாதம் பத்திரிகை படித்து, அதற்கு எதிராக எழுதுகிற பத்திரிகையையும் படித்து, விசையின் இழுப்பை நிறுக்கச் சொந்தத் தராசோடு கடைக்குப் போய், விளக்கை அணைக்கச் சொல்லி, தரையில் குப்புறப் படுத்து, எழுந்து, 'முனை கொஞ்சம் கனக்குதே' என்று முகத்தைச் சுளித்து, கடைசியில் முதலில் காட்டிய அதே துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வருவார். முதல் ஞாயிறு அது தேவலோகத்துத் துப்பாக்கி. இரண்டாம் ஞாயிறு லேசான சந்தேகம். மூன்றாம் ஞாயிறு அது துரோகி. ஆறு மாதத்துக்கு இரண்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று எங்கள் நாட்டில் சட்டம் போட்டவர் லோதாரின் மனைவி ரோஸ்வித்தாவுக்குத் தூரத்துச் சொந்தமாகத்தான் இருக்க வேண்டும்.

துப்பாக்கி தீர்ந்தால் தோட்டா. தோட்டா தீர்ந்தால் மேல்சட்டை, மூக்குக்கண்ணாடி, காலணி. ஒரு தடவை காற்று என்றார். நான்கு சுவருக்குள், கதவைச் சாத்திவிட்டுச் சுடுகிற இடத்தில் காற்று எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் விளக்கம் சொல்வாரே!

போன குளிர்காலத்தில் ஊருக்குப் புதிதாக வந்த டீச்சர் ஒருத்தி, சங்கத்தில் சேர ஆசைப்பட்டு, 'முதல்ல எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?' என்று கேட்டாள். சங்கத் தலைவர் வின்ஃப்ரீட், அதாவது ரோஸ்வித்தாவின் அண்ணன், 'ஒரு வருஷம் சங்கத்து ஏர்கன்லயே சுடும்மா, அப்புறம் உன் தோளுக்கு எது ஒத்துவருதோ அதை வாங்கு' என்றார். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். லோதார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, 'அவர் சொல்றதைக் கேக்காதீங்க' என்று ஆரம்பித்தார். டீச்சர் இப்போது சர்ச் பாடகர் குழுவில் இருக்கிறாள். நன்றாகப் பாடுகிறாளாம்.

இப்படிப்பட்டவருக்கு வருஷத்தில் ஒரு நாள் நரகம். அதுதான் எங்கள் கோடைத் திருவிழாவின் பறவை நாள். உயரமான கம்பத்தின் உச்சியில் மரத்தில் செய்த கழுகைத் திருகு போட்டு முடுக்கி வைப்போம். கீழே ஒரே ஒரு துப்பாக்கி, தாங்கியில் பூட்டி வைத்திருப்போம். சங்கத்து ஆட்கள் எல்லாரும் முறை வைத்து அதில்தான் சுட வேண்டும். கிரீடம் விழும், சிறகு விழும், வால் விழும். மிச்சத் துண்டைக் கடைசியில் யார் வீழ்த்துகிறாரோ அவர் ஒரு வருஷத்துக்கு ராஜா. எல்லாருக்கும் ஒரே துப்பாக்கி! தன் தராசு, தன் தோட்டா, தன் கண்ணாடி எதற்குமே அங்கே வேலை இல்லை என்பதை லோதாரால் தாங்கவே முடியாது.

ராஜா பதவி லேசுப்பட்டதல்ல. அன்று மாலையே ராணியோடு, அதாவது பெரும்பாலும் மனைவியோடு, ஊர்வலம். பிறகு கோடை முழுவதும் பக்கத்து ஊர்த் திருவிழா ஒன்று விடாமல் வாத்தியக் குழுவுக்குப் பின்னால் நடக்க வேண்டும். ராஜா வராவிட்டால் அது ஊருக்கே அவமானம். இந்த வருஷம் லோதாருக்கு அந்தப் பேச்சே கூடாது. மகள் காத்ரின் நார்வேயில் இருக்கிறாள், ஜூலையில் பிரசவம், முதல் பேரப்பிள்ளை. கப்பலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பறவை நாள் காலையில் அவருடைய சங்கத்துப் பச்சைக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே ரோஸ்வித்தா சொன்னாள்.

"சூப் குடி, பீர் குடி, பாட்டுப் பாடு. துப்பாக்கிப் பக்கம் மட்டும் போகாதே."

"நான் ஏன் போறேன்? அதுவும் ஒரு துப்பாக்கியா?"

"இந்தப் பேச்சுதான் எனக்குப் பயமா இருக்கு."

மத்தியானம் வாக்கில் பறவைக்கு உடம்பில் ஒரு துண்டுதான் பாக்கி. அது ஒற்றைத் திருகில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கட்டத்தில் எங்கள் ஊர் வீரர்களைப் பார்க்க வேண்டும்! ஒருவனுக்கு மாடு கன்று போடுகிற நேரம். ஒருவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சுட்டவர்களும் கம்பத்தை விட்டுவிட்டு மேகத்தைச் சுட்டார்கள். வாத்தியக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள்.

"என்னப்பா இது, ராஜா இல்லாமலே வீட்டுக்குப் போறதா?" என்று வின்ஃப்ரீட் கத்தினார்.

லோதார் சூப் கிண்ணத்தோடு ஓரமாகத்தான் நின்றார். சத்தியமாக ஓரமாகத்தான் நின்றார். ஆனால் பக்கத்தில் ஒருவன், 'அந்தத் துண்டு ஏன் இன்னும் விழ மாட்டேங்குது?' என்று கேட்டுத் தொலைத்தான்.

"எப்படி விழும்?" என்று கிண்ணத்தைக் கீழே வைத்தார் லோதார். "தாங்கி ஆடுது. குழல் தேஞ்சுபோச்சு. ராத்திரி பெஞ்ச மழையில மரம் ஊறிக் கிடக்கு. அந்தத் துப்பாக்கியால அதை யாராலயும் வீழ்த்த முடியாது. வருஷா வருஷம் சொல்றேன், யார் கேக்குறீங்க?"

"மச்சான், சுடத் தெரியாதவன் பேசுற பேச்சு அது" என்றார் வின்ஃப்ரீட்.

"சுடத் தெரியாதவனா? நானா?"

"பின்ன? வந்து காட்டு. இல்லைன்னா சூப்பைக் குடி."

கூட்டம் சிரித்தது. லோதாரின் காது சிவந்தது. இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்வான்? அவனும் மேகத்தைச் சுட்டுவிட்டு வருவான். ஆனால் சாக்குச் சூரருக்கும் ஒரு மனசாட்சி உண்டு. வேண்டுமென்றே தப்பாகச் சுட்டால் குறை துப்பாக்கியுடையது என்று எப்படி நிரூபிப்பது? ஒழுங்காகக் குறிவைத்துத் தப்ப வேண்டும். அப்போதுதான் ஊர் வாயை மூடும். பேரப்பிள்ளையைப் பற்றி அவருக்குக் கவலையே வரவில்லை, அந்தத் துப்பாக்கியின் கையாலாகாத்தனத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கட்டையில் கன்னத்தை வைத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, திருகைப் பார்த்து, மெதுவாக, மிக மெதுவாக விசையை அழுத்தினார். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, குண்டு படுமா என்ற கவலை இல்லாமல் சுட்டார்.

பறவை விழுந்தது.

வாத்தியம் முழங்கியது. நான்கு பேர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மாடு கன்று போடுகிறது என்று போன ஆளும் எங்கிருந்தோ ஓடிவந்து கட்டிப் பிடித்தான். "ராஜா வாழ்க!" என்று ஊரே கத்துகிறது, மேலே உட்கார்ந்திருக்கிற ராஜா, "மரம் உளுத்திருக்கு, பாருங்க, உளுத்த மரம்" என்று எல்லாரிடமும் முறையிடுகிறார்.

கேக் மேசையிலிருந்து ரோஸ்வித்தா வந்தாள். கூட்டம் தானாக வழி விட்டது. லோதாரை இறக்கிவிட்டார்கள்.

"யார் சுட்டது?"

"அது வந்து... அந்தத் தாங்கி ஆடி..."

"தாங்கியை விடு. என்னைப் பாரு. 'நான்தான் சுட்டேன், தப்பு என்னோடது'ன்னு ஒரே ஒரு தடவை சொல்லு. சாயங்காலம் ராணியா உன் பக்கத்துல நிக்கிறேன். காத்ரினுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போன் பண்ணுவோம். அவ திட்டினா நானும் சேர்ந்து வாங்கிக்கிறேன். ஒரே தடவை சொல்லு, லோதார்."

அவள் கேலியாகக் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டாள். லோதார் வாயைத் திறந்தார். ட்ரம்பெட்காரன் கருவியை இறக்கினான். வின்ஃப்ரீட் 'சொல்லித் தொலையேன்டா' என்று முணுமுணுத்தார். எங்களுக்கெல்லாம் அந்த வார்த்தை வந்துவிடும் என்றே தோன்றியது.

"திருகு ஏற்கெனவே லூசா இருந்துச்சு" என்றார் லோதார்.

ரோஸ்வித்தா அவர் தொப்பியை நேராக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெட்டி அடுக்கினாள். இரண்டு டிக்கெட்டில் ஒன்று வீணானது. ராணியாக நடக்க வின்ஃப்ரீடின் மாமியார் சம்மதித்தாள். எண்பது வயது, ஆனாலும் லோதாரைவிட நேராக நடந்தாள்.

ஜூலையில் பக்கத்து ஊர்த் திருவிழாவில், ஊர்வலம் புறப்படுவதற்கு முன்னால், வெள்ளிச் சங்கிலி கழுத்தை அழுத்த, கூடாரத்துக்குப் பின்னால் நின்று அவர் பேத்தியை முதல் முதலாக போனில் பார்த்தார். ரோஸ்வித்தாவின் மடியில் கைக்குட்டை அளவு முகம். எவ்வளவு உற்றுப் பார்த்தும் படம் கலங்கலாகவே இருந்தது. "இந்த போன் திரை சரியில்ல" என்றார் லோதார். "நாளைக்கே வேற வாங்கணும்." பிறகு அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊர்வலத்துக்குப் போனார்.

நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, எனக்கு என்ன என்கிறீர்களா? சரி, ஒரு சின்னச் சோதனை. இவ்வளவு படித்தும் ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். எழுதியவனுக்கு எழுதத் தெரியவில்லை என்று இதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள்தானே? வாருங்கள், ஹோல்ட்ஹாகன் சங்கத்தில் இடம் இருக்கிறது. அடுத்த கோடைக்கு எங்களுக்கு இன்னும் ராஜா கிடைக்கவில்லை.