பத்தொன்பது ஒற்றும் ஒரு கதவும்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று முறைப்படி எழுதிவிட்டேன். உண்மையில் யார் நலத்தையும் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை, குற்ற உணர்ச்சியில் சாப்பாடு இறங்கவில்லை. படித்ததும் கிழித்துவிடுங்கள். உங்கள் தங்கைக்குத் தெரியக்கூடாது.

என் மகள், அதாவது உங்கள் மருமகள், வேலையை உதறிவிட்டு இரண்டு வருடமாகப் பின்னறையில் உட்கார்ந்து ஒரு கணினி விளையாட்டுச் செய்தாள் அல்லவா, பாழடைந்த பள்ளிக்கூடம், ஆளில்லாத நடைவழி, கையில் ஒரு டார்ச், எங்கோ சொட்டும் குழாய், ஒவ்வொரு புதிராக அவிழ்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு கதவு. நான் அதைக் கண்ணைத் திறந்து பார்த்ததே இல்லை. டார்ச் எரியும்போதே துண்டை முகத்தில் போட்டுக்கொள்வேன். உங்கள் தங்கையோ, "ஒரு பொண்ணு இருட்டுல நடக்குறதுக்கு ரெண்டு வருஷமா? ஒரு லைட்டைப் போட்டா கதை முடிஞ்சுது" என்று சொல்லி, வெளியாகி ஒரு மாதத்தில் நாலு பேர் மெச்சாவிட்டால் பழைய வேலைக்கே போக வேண்டும் என்று வாக்கு வாங்கி, அலுவலகப் பையைத் துடைத்து வாசல் ஆணியில் மாட்டியும் விட்டாள். அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளையின் முகம் சுருங்கும்.

வெளியீட்டுக்கு முதல் நாள் அவள் குளிக்கப் போனாள். கணினி திறந்திருந்தது. படமில்லை, வெறும் எழுத்து, ஆகவே துணிச்சலாகப் பார்த்தேன். பள்ளிச் சுவரில் இருக்கும் எச்சரிக்கைகளாம். "கதவை தட்டாதே." "அவளை கூப்பிடாதே." "கண்ணாடியை பார்க்காதே." மச்சான், முப்பத்துநான்கு வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய கை! பத்தொன்பது இடத்தில் ஒற்று இல்லை. பேயாக இருந்தாலும் இலக்கணம் வேண்டாமா? அத்தனைக்கும் ஒற்றுப் போட்டு, சேமித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல நாளிதழை விரித்துக்கொண்டேன். மறுநாள்தான் விளையாட்டின் குறிப்பைப் படித்தேன். விட்டுப்போன ஒற்றுகளை வரிசையாகப் பொறுக்கி அழுத்தினால்தான் கடைசிக் கதவு திறக்குமாம். நான்தான் ஒன்றையும் விடவில்லையே!

மூன்று நாள் ஒரே வசை. "கதவு திறக்கலை, ஏமாத்து வேலை" என்று ஆளாளுக்கு எழுத, பிள்ளை பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் கதை முடிந்தது. நாலாம் நாள், விளையாடிக் காட்டியே பேர் வாங்கிய ஒருவர், பூனைக்கண்ணர் என்பார்கள், அந்தக் கதவோடு நாலு மணி நேரம் முட்டிமோதி, "ஐயோ, இது திறக்கவே போறதில்ல! அதுதான்டா பயமே!" என்று அலறினாராம். அவ்வளவுதான், ஏமாத்து வேலை என்றவர்களெல்லாம் மேதை என்கிறார்கள்! ஒருவர் "பயங்கறம்" என்று வல்லின றகரம் போட்டுப் பாராட்டியிருந்தார். மன்னித்துவிட்டேன், யோசித்தால் அதில்தான் பயம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. பழைய மேலாளரே கூப்பிட்டார். வேலைக்குத்தான் என்று உங்கள் தங்கை பையை எடுக்க ஓடினாள். அவரோ, "எழுத்தெல்லாம் சரியாத்தாம்மா அழுத்துறோம், அந்தக் கதவு எப்படிம்மா திறக்கும்? ரெண்டு நாளா ஆபீஸ்ல ஒருத்தரும் வேலை பார்க்கல" என்று கெஞ்சுகிறார். பாவம், இல்லாத எழுத்தை எங்கிருந்து அழுத்தினாரோ. இப்போது அந்தப் பையில் உங்கள் தங்கை வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

மகளிடம் சொல்லிவிடட்டுமா, மச்சான்? சொன்னால் சரிசெய்வாள், கதவு திறக்கும், புகழ் போய்விடும், வெங்காயத்தைக் கொட்டிவிட்டுப் பை மறுபடி ஆணிக்கு ஏறும். சொல்லாவிட்டால் என் தலை வெடிக்கும். நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக் கதவுகள் எல்லாம் தட்டியதும் திறக்க வாழ்த்தும்,
உங்கள் தங்கை கணவன்.

பி.கு.: உறையை ஒட்டும்போது மனசு கேட்காமல் மகளிடமே சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, நீங்க திருத்தினது பழைய நகல். விளையாட்டுல எழுத்தெல்லாம் படமா வரைஞ்சது. கதவுக்குப் பின்னால ரூம் கட்ட எனக்கு நேரமே கிடைக்கல, அதான் திறக்கல" என்றாள். அப்படியானால், மச்சான், அந்தப் பத்தொன்பது பிழையும் இன்னும் சுவரில் அப்படியேதான் இருக்கின்றன, என் மகள் பெயரைப் போட்டு, உலகமே பார்க்கும்படி! துண்டை எடுத்துவிட்டு என் கண்ணாலேயே பார்த்தேன். இப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.