முந்நூறு மில்லி வென்ற நச்சிசாலே

வாழ்க நச்சிசாலே! சோம்பா நகரச் சந்தையில் உசிப்பா என்னும் பொடிமீன் கருவாட்டுக் குன்றுகளுக்கிடையே முப்பதாண்டு கொலுவீற்றிருந்தவளும், பேரம்பேச வந்த பெரும்படைகளைப் புறங்காட்டி ஓடச் செய்தவளும், சிரித்தால் தெருமுனைவரை கேட்கும் சிங்கக்குரலாளுமாகிய அம்மாதரசி, ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, வெறும் மருந்துப்புட்டியைக் கேடயமெனவும் டாக்டர் எழுதிய சீட்டை வேலெனவும் ஏந்தி, அரசு மருத்துவமனையின் மருந்துச் சாளரத்தின்மேல் படையெடுத்த வரலாற்றைக் கேளுங்கள்.

காரணம் ஒன்றே. அவள் கணவர் கச்சிங்வேயின் எலும்புகளில் புற்றுநோய் குடியேறியிருந்தது. நான்கு மணிநேரத்துக்கொருமுறை மார்ஃபின் நீர் தொண்டையில் இறங்கினால் அவர் மனிதர். இறங்காவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணுபவர். கடைசி மடக்கு காலை ஆறு மணிக்குத் தீர்ந்தது. பத்து மணிக்குள் அவள் திரும்பியாக வேண்டும்.

சாளரத்தின் உள்ளே இருந்தான் நமங்காலே, இரட்டைப்பூட்டுப் பெட்டகத்தின் காவலன், செவ்வட்டைப் பதிவேட்டின் பேரரசன். ஒரு சொட்டு குறைந்தாலும் தலைநகரிலிருந்து மூவர் விசாரணைக்கு வருவர் என்றறிந்து, சொட்டுக்குச் சொட்டு நடுங்கும் நெஞ்சினன். கொடியவன் அல்லன், விதிகளை மனப்பாடம் செய்தவன்.

“அம்மா, டாக்டர் 300ன்னு எண்ணுல மட்டும் போட்டிருக்காங்க. எழுத்துலயும் எழுதணும்.”

“அவ்வளவுதானே? பேனாவக் குடு தம்பி, நானே எழுதிடறேன்.”

“நீங்க எழுதினா, நாளைக்கு நான் உங்க பக்கத்துல உக்காந்து கருவாடுதாம்மா விக்கணும்.”

மலையேறும் யானையென மூச்சிரைக்க மூன்றாம் மாடிக்கு ஏறினாள் நாயகி. வெள்ளங்கி மாணவர் புடைசூழ நோயாளிகளைப் பார்த்துவந்த டாக்டரம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தி, ‘முந்நூறு’ என்னும் திருச்சொல்லைப் பெற்று, வெற்றிக்கொடி பறக்க இறங்கினாள். திருத்திய இடத்தில் கையெழுத்தும் தேதியும் இல்லை என்றான் நமங்காலே. மறுபடி ஏறினாள். மணி பத்தைக் கடந்தது. வீட்டிலோ ஆணிகள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. சீட்டு குறையற்று முழுமதியென விளங்கியபோது பதினொன்றரை.

அப்போதுதான் இரண்டாம் பூட்டு தன் பெருமையைக் காட்டியது. அதன் சாவி தலைமைச் செவிலி சிசாம்பியின் இடுப்பில் இருந்தது. சிசாம்பியோ ஊழியர் கூட்டத்தில் இருந்தார். கூட்டம் எப்போது முடியும் என்பது எவருக்கும் தெரியவில்லை.

புலி புகுந்த தொழுவமென அதிர்ந்தது கூட்ட அறை. வாயிலை அடைத்து நின்று முழங்கினாள் நச்சிசாலே:

“என் வீட்டுக்காரர் திருடன் இல்ல, மருந்துக்கு அடிமையும் இல்ல! வலியில கெடக்கறாரு! அந்தச் சாவியோட யாராவது எந்திரிங்க, இல்லன்னா நான் இங்கயே உக்காந்துருவேன்!”

சிசாம்பி எழுந்தார். வழிநெடுக அவளைவிட வேகமாக நடந்தார்.

இரு சாவிகளும் திரும்பின. பெட்டகம் திறந்தது. நமங்காலே அளவுக்குடுவையைக் கண்மட்டத்தில் பிடித்து மும்முறை சரிபார்த்து, புட்டியை நிரப்பி, பதிவேட்டில் மூன்று கையெழுத்து வாங்கினான். பிறகு கருணை மிகுந்து அருளினான்: “அடுத்த தடவ ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுங்கம்மா.”

“முந்தாநாளு வந்தேனே தம்பி. பழசு இன்னும் தீரலன்னு நீதானே திருப்பி அனுப்பின?”

பேரரசன் தலைகுனிந்தான். செவ்வட்டைப் பதிவேட்டை முதற்பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை புரட்டினான். அதை மூடிவைத்து, “மேலிடத்துக்கு எழுதிக் கேக்கறேம்மா,” என்றான் மெல்ல.

கடல் கடைந்து அமுதம் எடுத்தாரினும் மேலாய்ப் புட்டியை மார்போடணைத்து, மினிபஸ்ஸில் நால்வர் இருக்கையில் ஆறாமவளாய் நெருக்குண்டு, முழங்கைகளாலேயே அரண் அமைத்து, ஒரு சொட்டும் சிந்தாது, இரண்டு மணிக்கு வீடுபுகுந்தாள் வீரத்திருமகள். வியர்வையில் நனைந்து ஆணிகளை எண்ணிக் கிடந்தவரின் தலையை மடியிலேந்தி மருந்தைப் புகட்டினாள்.

அரைமணி கழித்துக் கச்சிங்வே, களிக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டார்.